பச்சைத் திரைக்குள் ரெம்யா

நாற்பது வருடத்துக்கு முன்பே காய்ந்துபோன ஓவியத்திலிருந்து ஈர வர்ணத்தின் வாசம் வந்தது.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் ஓட்டில் மூன்று நாளாக ஆடி மழை ஓயாமல் சளசளத்துக்கொண்டிருக்க, பக்கத்துக் கிட்டங்கியில் மூட்டை மூட்டையாய் அடுக்கியிருந்த வற்றல்மிளகாயின் நெடியையும் சுவரில் ஊறிய ஈரத்தின் நாற்றத்தையும் மீறி, படுக்கையறைக்குள் ஆளிவிதை எண்ணெய் மணத்தது. பகவதிப்பெருமாள் வாழ்நாள் முழுக்க அந்த எண்ணெயில் குழைத்த வர்ணத்தால் மட்டுமே வரைந்தவர். சீக்கிரம் காய்கிற புது வர்ணங்களை, "அது சுவத்துக்கு அடிக்கதாக்கும்" என்று ஒதுக்கிவிடுவார். ஒரு பூச்சு காய மாதக்கணக்கில் காத்திருக்கிற மனுஷர்.

ஓவியத்தில் அவர் மனைவி நீலாம்பாள் இருபத்தாறு வயதில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கரும்பச்சைத் திரைச்சீலை. அந்தத் திரைக்கு அடியில் மகள் ரெம்யா இருந்தாள். ஆறு வயது. ஆற்றுக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கெஞ்சிய பிள்ளையை, ஈரப் பூச்சைப் பாதியில் விட்டு எழ மனமில்லாமல் அவர் தனியே அனுப்பிவிட்டார். கரமனை ஆறு அவளைத் திருப்பித் தரவில்லை. ஓவியத்தில் அந்தக் கண்களைப் பார்க்க முடியாமல் நீலாம்பாள் கதறியபோது, அவர்தான் பிள்ளையின் மேல் திரையை வரைந்து மூடினார்.

எண்ணெய் வர்ணம் வயதாக ஆக மெலிந்து, அடியில் மறைத்ததைக் காட்டிக்கொடுக்கும். தொழிலில் இது சகஜம். அதனால் இன்று காலை திரையில் சாம்பலாய் ஒரு முகம் தெரிந்தபோது அவர் முதலில் பயப்படவில்லை, நீலாம்பாளை நினைத்துத்தான் பதறினார். அவளுக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. ஆபரேஷன் செய்த மற்ற கண்ணின் கட்டை நாளைக் காலை அவிழ்க்கிறார்கள். "கண்ணு தெரிஞ்சதும் அந்தப் படத்தத்தான் பாக்கணும், எடுத்திராதீங்க" என்று சொல்லியிருந்தாள். பலவீனமான இதயம் அவளுக்கு. அந்த முகத்தைப் பார்த்தால் தாங்கமாட்டாள், அவளும் போய்விட்டால் அவருக்கு யாருமில்லை.

மத்தியானம் அந்த இடத்தை மூடினார். பிரஷ்ஷைக் கழுவிவிட்டு வருவதற்குள் முகம் மேலே வந்திருந்தது. அவர் பிள்ளையை வரைந்தது திரையின் ஓரத்தில், நேராகப் பார்க்கிறபடி. இப்போது அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மாவைப் பார்த்து.

மறுபடி பூசினார், கெட்டியாக.

மறுபடி வந்தாள். இன்னும் பக்கத்தில்.

"ஏங்க," என்றாள் கட்டிலில் கிடந்த நீலாம்பாள். "உங்க கை என்ன ஐஸ் மாதிரித் தணுத்துக் கெடக்கு?"

கட்டில் அவரிடமிருந்து நாலடி தள்ளி இருந்தது.

"நான் இங்கயில்லா நிக்கேன், நீலா."

அவள் சிரித்தாள். "சும்மா சொல்லாதீங்க. எண்ணெ மணக்குல்லா."

அவர் கத்தியை எடுத்தார். சுரண்டினார். பச்சை உரிந்தது, அதற்கடியில் பழைய பச்சை உரிந்தது. பிள்ளை இல்லை. வெறும் கித்தான் துணி, ஆறு வயது உயரத்துக்கு. அதன் பக்கத்தில் நாற்காலியில் இருந்தவளின் முகமும் வெளிறிக்கொண்டே போனது. கன்னத்தில் கித்தானின் நூலிழை தெரிந்தது.

முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

"செரி மக்ளே. இழுக்காத. அம்மா வாறேன்."

திரும்பினார். நீலாம்பாள் எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையைத் தாழ்த்தி நீட்டியபடி ஓவியத்தை நோக்கி நடந்து வந்தாள். தடுமாறவில்லை. அவளை நிறுத்தக் கையை நீட்டினார். அவளுடைய சுண்டுவிரலை ஐந்து சின்ன விரல்கள் இறுகப் பிடித்திருந்தன. கரும்பச்சை விரல்கள். இன்னும் காயவில்லை.