புனலில் ஊற்றிய தண்ணீர்

"உங்க நைனா சாஸ்ல தண்ணி ஊத்துறாரு. நானே பார்த்தேன்!" என்றான் எழில். வகுப்பில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அனுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாயக் கழுவு! எங்க நைனா அப்படிலாம் செய்யமாட்டாரு."

"அப்போ புனல்ல இன்னாத்துக்குத் தண்ணி ஊத்துனாரு? அபிஷேகமா?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

அனுவின் அப்பா கன்னியப்பன் செஞ்சி கூட்டுரோட்டில் தள்ளுவண்டியில் சில்லி காளான் போடுகிறார். 'கலப்படம் இல்லை' என்று வண்டியில் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார். அதைப் பார்த்தாலே அனுவுக்குப் பெருமை தாங்காது. இன்று அதைப் படிக்கவே பயமாக இருந்தது.

மாலை முழுக்க அவள் வண்டியருகே நின்று நைனாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா கண்ணு, சாப்டியா?" என்று அவர் கேட்டார். இவ்வளவு பாசம் எதற்கு என்று அதிலும் ஒரு சந்தேகம்!

சாஸ் பாட்டில் காலியானது. கன்னியப்பன் குனிந்து புனலை எடுத்தார். சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றினார். அனு எட்டிப் பார்த்தாள். அதற்குள் கோட்டை பார்த்துவிட்டு வந்த கூட்டம் ஒன்று குறுக்கே நின்றுகொண்டது. அந்தத் தண்ணீர் எங்கே போனது? தெரியவில்லை.

கேட்டுவிடலாம். ஆனால் "ஆமாம்" என்று சொல்லிவிட்டால்? அவள் கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. நைனா கோஸ் வாங்கப் போன நேரம், அனு வீட்டில் புனலை எடுத்துப் பாட்டிலில் செருகினாள். சாஸ் கேனிலிருந்து நாலு கரண்டி எடுத்துப் போட்டாள். சாஸ் இறங்காமல் புனலிலேயே குந்திக்கொண்டது. தட்டினாள், உலுக்கினாள். ஊஹூம்! கரண்டியால் குத்தியதும் தொப்பென்று பாவாடையில் விழுந்தது.

"ஐயோ, அம்மா தொலைச்சுடும்!"

புனலைக் கழுவினாள். தண்ணீரை நன்றாக உதறிவிட்டு, துடைக்காமல் மறுபடி சாஸ் போட்டு லேசாக அழுத்தினாள். அடடா! சாஸ் வழுக்கிக்கொண்டு இறங்கியது. உற்றுப் பார்த்தாள். புனலின் குழாயில் சாஸ் கலங்கவே இல்லை. ஈரம் பட்ட ஓரத்தில் மட்டும் நழுவி, ஒரே கட்டியாகப் போனது.

"இன்னாடி பண்ற?" நைனா வாசலில் நின்றார்.

"நைனா, புனலைக் கழுவுன தண்ணிய நீ கீழதான் கொட்டுவியா?"

"பின்ன, குடிப்பேனா?"

அனுவுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ சாஸ்ல தண்ணி கலக்குறன்னு நெனச்சுட்டேன் நைனா."

கன்னியப்பன் முகம் சுண்டிப்போனது. "என்னாண்ட கேட்டிருக்கலாமே கண்ணு," என்று அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

அன்று மாலை அனு எழிலைக் கடைக்கு அழைத்து வந்தாள். "இந்தா, நீயே பாட்டில்ல சாஸ் ரொப்பு," என்று காய்ந்த புனலைக் கொடுத்தாள்.

எழில் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனான். அனு சொம்பை நீட்டினாள். அவன் புனலைப் பாட்டிலிலிருந்து எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவத் தொடங்கினான்.

"டேய்! சாஸ்ல தண்ணியா ஊத்துற?" என்று கத்தினார் காளான் வாங்க வந்த ஓர் அக்கா.

எழிலுக்கு வேர்த்துவிட்டது. "இல்லக்கா! நான்... சத்தியமா..."

"அவன் கலக்கலக்கா," என்றாள் அனு. "கீழதான் கொட்டுறான். கிட்ட வந்து பாருங்க."

அக்கா வந்து பார்த்தார். தண்ணீர் தரையில் கிடந்தது; எழில் ஈரப் புனலைச் செருகிப் போட்ட சாஸ் பாட்டிலுக்குள் கட்டியாக வழுக்கி இறங்கியது.

எழில் தலையைச் சொறிந்தான். "அனு, திங்கக்கெழம கிளாஸ்ல நானே எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்."

அவன் காளான் தட்டில் கன்னியப்பன் சாஸைத் தாராளமாகவே ஊற்றினார்.