ஒற்றைச் செருப்புச் சத்தம்

மாடியில் யாரோ ஒற்றைச் செருப்போடு நடந்தார்கள். ஒரு கால் பலகைத் தரையில் சப்பென்று பதிந்தது. மறுகால் செருப்பை இழுத்துக்கொண்டு வந்தது. கீழே தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த டூகல் ரென்னியின் கை நின்றது. மாடிச் சாவி அவர் பையில்தான் இருந்தது. இன்னும் யாரையும் அவர் மேலே விடவில்லை.

ஏறிப் பார்த்தார். யாருமில்லை. காத்திருப்பு அறையில் ஒரே ஒரு நாற்காலி, கொஞ்சம் உப்பு வாடை. பிட்கார்ரி மாதிரிக் கடலோர ஊரில் உப்பு வாடை இல்லாத அறை ஏது என்று சொல்லிக்கொண்டு இறங்கினார்.

மேசன் லாட்ஜ் என்கிற ரகசியச் சங்கத்தின் அந்த ஊர்க் கிளையில் டூகல்தான் வெளிக்காவலர். கூட்டம் நடக்கும்போது மாடிக் கதவுக்கு வெளியே உருவிய வாளோடு நிற்பார். கதவுக்கு உள்ளே இன்னொரு காவலர். உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தால், வெளியிலிருந்து மூன்று தட்டு பதிலாகப் போக வேண்டும். பதில் கேட்டால்தான் உள்தாழ்ப்பாளை விலக்குவார்கள். கேட்காவிட்டால் வெளியே ஏதோ சரியில்லை என்று பொருள். கதவு அப்படியே கிடக்கும். வெறும் பலகையை இரண்டு பேரின் விரல் முட்டிகள் பூட்டாக்கிவிடுகிற இந்த ஏற்பாடு டூகலுக்கு மிகவும் பிடிக்கும். வீட்டில்கூட மகன் இயூவனை எழுப்ப அவன் அறைக் கதவில் மூன்று முறை தட்டுவார். முழித்துவிட்டேன் என்பதற்கு அவன் திருப்பி மூன்று தட்டுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இன்று இயூவனை லாட்ஜில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

தேநீர் வேளையில் செயலாளர் ஆர்ச்சி பெட்ரி வழக்கம்போல லாட்ஜின் பழைய வரலாற்றை எடுத்தார். சேர வருகிறவனின் கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி, ஒரு காலில் மட்டும் செருப்போடு உட்காரவைப்பார்கள். யாராவது வந்து கையைப் பிடிக்கும்வரை அவன் எழுந்திருக்கக் கூடாது, கட்டையும் அவிழ்க்கக் கூடாது. நூறு வருடத்துக்கும் முன்னால், ஆங்கஸ் லீட் என்ற பீப்பாய் செய்கிறவன் அப்படி உட்கார்ந்திருந்த குளிர்கால மாலையில் மீன்பிடிப் படகுகள் பாறையில் மோதின. ஆபத்து மணி கேட்டு எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். உடல்களை இழுத்துப் போட்டு, அடக்கம் செய்து முடிக்கும்வரை ஆங்கஸின் நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. வந்து பார்த்தபோது அவன் கண்கட்டோடு நாற்காலியிலேயே விறைத்துப்போயிருந்தான். வலது கை மட்டும், யாரோ பிடித்துக்கொள்வதற்காக, முன்னால் நீண்டிருந்தது.

“அவன சேக்கவும் இல்ல, வேணாம்னு சொல்லவும் இல்ல,” என்று ஆர்ச்சி ரொட்டியைத் தேநீரில் தோய்த்தார். “கணக்குப்படி பாத்தா வரிசைல இயூவனுக்கு முன்னாடி அவன்தான் இருக்கான். அந்தப் பொறுமை உம்ம மவனுக்கு வருமா டூகல்? மீன் கடைல நாலு பேர் நின்னாலே திரும்பிப் போற ஆளாச்சே.”

எல்லோரும் சிரித்தார்கள், இயூவனும் சேர்ந்து. டூகல் சிரிக்கவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகுதான் வெளிக்காவலருக்கு இன்னொரு விதி வந்தது: காத்திருப்பவனைத் தனியே விடாதே.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. காற்றில் மின்சாரம் போயிற்று. எல்லோரும் மெழுகுவர்த்திகளோடு உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ள, டூகல் லாந்தரை ஏற்றிக் காத்திருப்பு அறையில் மகனின் கண்ணைக் கட்டினார். வெளியே கடல் இரைந்தது, ஓடுகள் ஒன்றையொன்று உரசின, எங்கோ ஒரு குழாய் விட்டுவிட்டு முனகியது.

“அப்பா, கட்டு ரொம்ப இறுக்கமா இருக்கு.”

“அப்படித்தான் இருக்கணும். பேசாம இரு. கையப் பிடிச்சாத்தான் எந்திரிக்கணும், ஞாபகம் இருக்கட்டும்.”

அப்போதுதான் கீழே தெருக்கதவு படாரென்று அடித்தது. மறுபடி அடித்தது. வெளிக்கதவு திறந்து கிடந்தால் காவல் என்ன காவல்? மகனைத் தனியே விடவும் கூடாது. மூன்றாம் முறை அடித்தபோது அவர் லாந்தரை எடுத்துக்கொண்டு ஓடினார். தாழ்ப்பாள் உடையவில்லை. யாரோ அதை ஒழுங்காக விலக்கியிருந்தார்கள். போட்டுவிட்டுத் திரும்பினார். படிகளில் ஈரம்.

மேலே, லாட்ஜ் கதவின் முன்னால், இயூவன் எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, கண்கட்டு, கழுத்தில் கயிறு.

“அதுக்குள்ள என்னடா அவசரம்?” என்று கடிந்துகொண்டே கையைப் பிடித்தார். ஈரத்தில் ஊறிய கயிற்றைப் பிடித்த மாதிரி இருந்தது. பையன் பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்தார். மூன்று தட்டினார். உள்ளேயிருந்து பதில் வந்தது, கதவு திறந்தது, உள்காவலர் அவனை வாங்கிக்கொண்டார். கதவு மூடியது. தாழ் விழுந்தது.

உள்ளே நடை தொடங்கியது. சப். பிறகு இழுக்கிற செருப்பு. சப்.

டூகல் கதவில் காதை வைத்தார்.

“அப்பா?” என்று காத்திருப்பு அறையிலிருந்து குரல் வந்தது. “இன்னும் நேரம் ஆவலையா?”

அவர் லாந்தரைத் தூக்கினார். நாற்காலியில் இயூவன். கண்கட்டோடு, சொன்னபடியே.

லாந்தரைக் கீழே வைத்து, வாளையும் போட்டுவிட்டு லாட்ஜ் கதவை இரண்டு கையாலும் அறைந்தார், கத்தினார். உள்ளே தலைவர் கேட்டுக்கொண்டிருந்தார், உன் மனம் எதை மிகவும் விரும்புகிறது என்று. நெடுநாள் பேசாத தொண்டை ஒன்று பதில் சொன்னது.

“வெளிச்சம்.”

கண்கட்டை அவிழ்க்கும் அந்த நொடியில் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு முறை கைதட்டுவது வழக்கம். தட்டினார்கள். டூகலின் கத்தல் அதில் அமுங்கியது.

பிறகு சத்தமே இல்லை.

இருமல் இல்லை. நாற்காலி நகரவில்லை. கதவிடுக்கில் தெரிந்த மெழுகுவர்த்தி ஒளி ஒவ்வொன்றாய்க் குறைந்தது.

ஓடிப்போய் மகனின் கையைப் பிடித்து இழுத்தார். அவன் உடனே எழுந்து வந்தான். படிக்குப் போக அந்தக் கதவைத்தான் தாண்ட வேண்டும். கதவருகே வந்ததும் கண்கட்டை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகியிருந்தது. அவர் போட்ட முடிச்சு. இரண்டு கையாலும் நகத்தால் கிள்ளினார்.

உள்ளே சப். செருப்பு. சப். கதவுக்கு வருகிறது.

மூன்று தட்டு.

டூகல் மூச்சை அடக்கினார். பதில் போகாது. பதில் போகாவிட்டால் திறக்காது. அப்படித்தான் ஏற்பாடு.

இயூவன், தினமும் காலையில் செய்வது போல, கையை உயர்த்தி மூன்று முறை தட்டினான்.

தாழ் விலகியது. லாந்தர் ஒளி உள்ளே விழுந்தது. சுற்றிலும் நாற்காலிகளில் எல்லோரும் நேராக உட்கார்ந்திருந்தார்கள். ஆர்ச்சியும்தான். ஒவ்வொருவர் கண்ணிலும் வெள்ளைக் கட்டு. ஒவ்வொருவர் வலது கையும் முன்னால் நீண்டிருந்தது.

கதவோரத்து இருட்டிலிருந்து ஈரக் கை ஒன்று வெளியே வந்து, மகனின் விரல்களைத் தொட்டது. டூகலின் விரல்கள் இன்னும் முடிச்சிலேயே இருந்தன.

சொல்லிக்கொடுத்ததை மறக்காத பிள்ளை. இயூவன் தன் கையைக் கொடுத்தான்.