ஏழாம் காம்பரா

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணினி வேலை என்றால் மாணவி கிருஷாந்தியைத்தான் கூப்பிடுவார்கள். மண்சரிவு நடந்து ஓராண்டு ஆனபோது, இறந்தவர்களின் பெயர்களைப் பாடசாலை இணையப் பக்கத்தில் போடும் வேலையையும் கலாராணி டீச்சர் அவளிடமே கொடுத்தார்.

வெறும் எழுத்தாகத் தட்டினால் போதும். நடுவே போடும் சின்னச் சின்னக் குறிகளைப் பார்த்து, கணினியே பக்கமாக அடுக்கிவிடும்.

தோட்டத்தில் ஆளைச் சொன்னால், லயம் என்னும் வரிசை வீடுகளில் அவர் குடியிருக்கும் காம்பராவின் எண்ணையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அவளும் அப்படியே தட்டினாள்.

3. ரெங்கம்மா
7. பாக்கியலெட்சுமி
8. சிவஞானம்

பக்கத்தைத் திறந்ததும், அருகில் நின்ற பாக்கியலெட்சுமியின் மகன் ரஜீவின் முகம் வாடிப்போனது.

“எங்கம்மா நாலாம் காம்பரா இல்ல. ஏழு.”

திரையில் 3, 4, 5 என்று இருந்தது. கிருஷாந்திக்குப் பகீரென்றது. நாலாம் காம்பரா அவளுடைய வீடு. அங்கே எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். ரஜீவின் ஏழாம் காம்பராவோ மண்ணுக்குள் போய்விட்டது. மிச்சம் இருந்தது அந்த எண் மட்டும்தான். அதையும் தொலைத்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை வந்தது.

மறுபடி 7 என்று தட்டினாள். 4 வந்தது. கோபத்தில் 700 என்று தட்டினாள். அப்போதும் 4 தான். சரியான பிடிவாதக்காரக் கணினி.

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் வந்தால், கணினி அதை வரிசை எண் என்று நினைத்துக்கொள்கிறது. முதல் எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு, மற்றதைத் தானே எண்ணிவிடுகிறது.

“இது காலையில பெரட்டுல வேலைக்கு வந்த ஆள எண்ணுற மாதிரி எண்ணுது, ரஜீவ். இவங்கள எண்ண வேணாம்.”

எண்களை அழித்தாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சிறுகோடு, ஓர் இடைவெளி. பிறகு எழுத்தாலேயே ‘ஏழாம் காம்பரா பாக்கியலெட்சுமி’ என்று தட்டினாள். மற்ற இருவருக்கும் அப்படியே. திரையில் கோடுகள் கரும்புள்ளிகளாக மாறின.

ரஜீவ் இரண்டு முறை வாசித்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

“செம்பியையும் போடலாமா? அத அவுத்துவிடத்தான் அம்மா திரும்பிப் போனாங்க.”

செம்பி அவர்களுடைய ஆடு. கிருஷாந்தி டீச்சரைப் பார்த்தாள்.

“போடும்மா” என்றார் டீச்சர்.

பாக்கியலெட்சுமியின் பெயருக்குக் கீழே, கொஞ்சம் இடம் தள்ளிக் கோடு போட்டு, ‘அவருடைய ஆடு செம்பி’ என்று தட்டினாள். அந்த வரி உள்ளே ஒதுங்கி, அம்மாவின் புள்ளிக்குக் கீழே ஒரு குட்டி வட்டத்தோடு நின்றது.

ரஜீவ் அதை விரலால் தொட்டான்.

“அம்மா பக்கத்துலயே கட்டியிருக்கு” என்றான்.