மொய் வாங்காத காதுகுத்து

நாகஜோதியின் வீட்டுக்குத் தெருப் பிள்ளைகள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கத்தரிக்கோல் வீடு.

காரணம் இருந்தது. அந்த வீட்டில் பேஸ்ட் தீர்ந்தால் டியூபைத் தூக்கிப் போட மாட்டார்கள். கத்தரிக்கோலால் நெடுக வெட்டிப் பிரித்து, உள்ளே ஒட்டியிருப்பதை வழித்து இன்னும் நான்கு நாள் பல் துலக்குவார்கள். ஒரு ஷாம்பு பாக்கெட் அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்துத்தான். அப்பாவின் பழைய வேட்டியை வெட்டினால் தம்பி மணிகண்டனுக்கு நான்கு துண்டு.

“ஏலே, கத்தரிக்கோல் வீடு வருது” என்று பள்ளிக்கூடம் போகிற வழியில் யாராவது சொன்னால், நாகஜோதி தலையைக் குனிய மாட்டாள். ஆறாம் வகுப்புதான் படிக்கிறாள். ஆனாலும் நின்று திரும்பிப் பார்ப்பாள்.

“ஆமா, சாணை பிடிச்ச கத்தரிக்கோலு. பக்கத்துல வந்து பாக்குறியா?” என்பாள். அதற்குமேல் யாரும் பேசுவதில்லை.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே நடந்தால் அவர்கள் ஊர். மழை பெய்தால் அங்கே கம்பு விளையும். பெய்யாவிட்டால் கருவேல முள்தான் விளையும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நாகஜோதியின் அப்பா மருதுபாண்டி, அருப்புக்கோட்டையில் ஒரு ஃபைனான்ஸ் ஆபீசில் ஒரு லட்சம் ரூபாய் லோன் வாங்கித் தன் புஞ்சைக் காட்டில் தண்ணீருக்குப் போர் போட்டார். எண்ணூறு அடி இறங்கியும் வெள்ளைப் புழுதிதான் வந்தது. போர் போட வந்த லாரி மறுநாளே போய்விட்டது. கடன் போகவில்லை. மாதம் ஐயாயிரத்து இருநூறு வீதம் இருபத்து நான்கு மாதம் கட்ட வேண்டும்.

மூன்றாவது மாதமே தவணை தவறியது. ஃபைனான்ஸ்காரர் ஒருவர் வந்தார். அவர் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. வாசலில் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கென்று பார்த்து ஊரில் எல்லாருக்கும் அந்தத் தெரு வழியாகப் போக ஏதோ வேலை இருந்தது.

மறுநாள் அம்மா மாரீஸ்வரி தன் தோட்டை விற்றுத் தவணையைக் கட்டினாள். தோடு இருந்த இடத்தில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். பிறகு எல்லாரையும் அடுப்படியில் உட்கார வைத்தாள்.

“இனிமே நம்ம வாசல்ல ஒருத்தரும் இப்படி வந்து உக்காரக் கூடாது. அதுக்கு என்ன செய்யணுமோ, அதைச் செய்வோம்” என்றாள்.

செய்தார்கள். டிவிக்கு ரீசார்ஜ் நின்றது. டீக்கடைக்குப் போவதை அப்பா நிறுத்தினார். நிறுத்திய முதல் வாரம் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார், அப்புறம் பழகிவிட்டது. அருஞ்சுனை அண்ணாச்சி கடையில் கடன் சொல்லி வாங்குவதில்லை என்று ஆயிற்று. கையில் காசு இருந்தால் சாமான், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பது. காலையில் கம்மங்கூழ், ராத்திரி கம்மங்களி. கோழி முட்டையை விற்ற காசு ஒரு டப்பாவுக்குள் போனது.

நாகஜோதிக்கும் வேலை இருந்தது. ஆளில்லாத இடத்தில் லைட் எரியக் கூடாது, ஃபேன் ஓடக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவள் போட்ட சத்தத்தில், தம்பி மணிகண்டன் பேசப் பழகியபோது அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகச் சொன்ன சொல் ‘லைட்ட அமத்து’ என்பதுதான்.

அப்புறம் ஒரு தவணைகூடத் தவறவில்லை. பதினெட்டு மாதம் ஓடிவிட்டது. இன்னும் மூன்றே மூன்று தவணைதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் பெரியப்பா பால்சாமி வந்தார்.

மணிகண்டனுக்கு மூன்று வயது நடக்கிறது, மாசி பிறக்கப் போகிறது, மூன்றாம் ஞாயிறு கண்மாய்க்கரைக் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்திவிட வேண்டும் என்றார். அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் பெரியப்பா அத்தோடு நிற்கவில்லை. மூன்று கிடா வெட்ட வேண்டும். பஸ் நிறுத்தத்தில் பெரிய ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும். பந்தல் வேண்டும், மைக் செட் வேண்டும்.

இரண்டு வருடமாகத் தம்பி குடும்பத்தைக் கஞ்சக் குடும்பம் என்று ஊரே பேசுகிறது, காது கொடுத்துக் கேட்க முடியவில்லை, இந்த ஒரு விசேஷத்தில் எல்லார் வாயையும் அடைத்துவிடலாம் என்றார். எண்பதாயிரம் ஆகுமாம். தெரிந்தவரிடம் அவரே லோன் ஏற்பாடு செய்து தருவாராம்.

“மொய்யில அம்புட்டும் வந்துரும்லே. எதுக்குக் கவலைப்படுற?” என்று அப்பாவின் தோளில் தட்டினார்.

அம்மா வேண்டாம் என்று ஒரு முறை சொன்னாள். பெரியப்பா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அப்பா தரையைப் பார்த்தார். டீக்கடைப் பக்கம் போகும்போதெல்லாம் மற்றவர்கள் என்ன கேலி பேசினார்கள் என்பது அவருக்குத்தானே தெரியும். கடைசியில், திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னார்.

பெரியப்பா போனதும் நாகஜோதி பெட்டியைத் திறந்து மொய் நோட்டை எடுத்தாள். அவளுடைய காதுகுத்துக்கு வந்த மொய்யெல்லாம் அதில் இருந்தது. இது யாரோ அன்பாகக் கொடுத்த பணம் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். அம்மாவிடம் கேட்டாள். அப்படியில்லை என்று அம்மா விளக்கினாள். ஐந்நூறு செய்தவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் ஆயிரமாகத் திருப்பிச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கேட்டு ஆள் வரும்.

“அப்ப இதுவும் லோனுதானம்மா” என்றாள் நாகஜோதி.

அம்மா நோட்டை வாங்கிப் பெட்டியில் வைத்து மூடினாள்.

மறுநாள் சனிக்கிழமை. நாகஜோதி போன வருட நோட்டுகளில் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்து எடுத்தாள். உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். எழுதி எழுதி விரல் வலித்தது. மொத்தம் இருபத்தாறு தாள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்:

‘எங்கள் தம்பி மணிகண்டனுக்கு மாசி மூன்றாம் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, கண்மாய்க்கரைக் கோயிலில் காதுக்குத்து. கிடா வெட்டவில்லை. ஃபிளெக்ஸ் இல்லை. பந்தலுக்குப் பதில் வேப்பமரம் இருக்கிறது. மைக் செட் இல்லாததால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். கம்மங்கூழும் மோர் மிளகாயும் வயிறு நிறைய உண்டு. மொய் வாங்க மாட்டோம். மீறித் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். எல்லாரும் அவசியம் வர வேண்டும். இப்படிக்கு, நாகஜோதி, அக்கா.’

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். முதல் தாளை அருஞ்சுனை அண்ணாச்சியிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். வீட்டில் கேட்டாயா என்று விசாரித்தார். பத்திரிகை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அண்ணாச்சி அதைக் கடைத் தூணில் ஒட்டினார். அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் கிடையாது.

மீதித் தாள்களை வீடு வீடாகக் கொடுத்தாள். சிலர் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால், நின்று முழுக்கப் படித்துக் காட்டினாள். பெரியப்பா வீட்டில் அவர் இல்லை. பெரியம்மா கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு நிற்காமல் வந்துவிட்டாள்.

மத்தியானம் அப்பா கையில் ஒரு தாளோடு வீட்டுக்குள் வந்தார். முகம் சிவந்திருந்தது.

“யாரைக் கேட்டு இதை எழுதுன?”

“யாரையும் கேக்கலப்பா. கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீக.”

நாகஜோதி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அப்பா தாளை மறுபடியும் பார்த்தார். அம்மா வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தாள்.

“ஒரு தப்பு இருக்கு” என்றாள்.

நாகஜோதி எட்டித் தாளைப் பார்த்தாள்.

“காதுகுத்துல ஒரு ‘க்’ அதிகம்” என்று சொல்லிவிட்டு, அம்மா பேனாவை எடுத்து அந்த எழுத்தை அடித்தாள். தாளை அப்பாவிடமே நீட்டினாள். அப்பாவுக்கு வாய் ஓரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க மீசையைத் தடவினார். முடியவில்லை.

பெரியப்பா வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். கடைத் தூணில் ஒட்டி வைத்து ஊரே படிக்கிறது, குடும்ப மானம் போய்விட்டது என்றார். பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியவில்லை என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

நாகஜோதி முன்னால் வந்தாள்.

“அந்த ஆளு வந்து நம்ம வாசல்ல நாள் பூரா உக்காந்திருந்தாரே பெரியப்பா, மானம் அன்னைக்கே போயிருச்சு. அதைத்தான் பதினெட்டு மாசமா கொஞ்சங் கொஞ்சமா மீட்டுக்கிட்டு வாரோம். இன்னும் மூணு மாசந்தான் இருக்கு. இப்பப் போயி மறுபடி அடகு வைக்கச் சொல்றீகளே.”

பெரியப்பா அவளை உறுத்துப் பார்த்தார். அப்புறம் தன் தம்பியைப் பார்த்தார். அப்பா இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.

“லோனு வேணாம்ணே. கூழுதான். நீங்க வந்து முன்ன நின்னாச் சந்தோசம். வராட்டாலும் தேதி அதேதான்” என்றார்.

வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போய்விட்டார்.

மாசி மூன்றாம் ஞாயிறு வந்தது. நாற்பது பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு அம்மா கூழ் காய்ச்சியிருந்தாள். வந்தவர்கள் நூறு பேருக்குக் குறையாது. பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். மொய் செய்யப் பணம் தேட வேண்டாம் என்பதால், விசேஷங்களுக்குப் போகாமலே ஒதுங்கி இருந்தவர்கள்கூட அன்று தைரியமாக வந்திருந்தார்கள். கூழ் போதாது என்று பார்த்ததும் ஆவுடைத்தாய் அத்தை வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பானை மோர் கொண்டு வந்து கூழைக் கரைத்துப் பெருக்கினாள். அதைப் பார்த்து ஒருத்தி வத்தல் பொரித்து எடுத்து வந்தாள். இன்னொருத்தி மாங்காய் நறுக்கிக் கொண்டு வந்தாள்.

மொட்டை நல்லபடியாக முடிந்தது. காது குத்துவதில்தான் சிக்கல். தாய்மாமன் சங்கர் மடியில் உட்கார வைத்ததும் மணிகண்டன் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் பறந்தன. ஊசியோடு நின்ற பத்தரை அவன் காலால் உதைத்தான். பிடிக்கப் பிடிக்க நழுவினான்.

தூரத்தில், கண்மாய்க்கரையில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நிற்பதை அப்போதுதான் நாகஜோதி கவனித்தாள். பெரியப்பாதான். அவர் எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. மணிகண்டனின் அழுகை அவருக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று இறங்கி வந்து, சங்கர் மாமாவுக்கு எதிரே மண்ணிலேயே உட்கார்ந்து, தன் பெரிய மீசையை மணிகண்டனிடம் நீட்டினார்.

மணிகண்டன் அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் மீசையைப் பிடித்து இழுத்தான். அந்த இடைவெளியில் பத்தர் இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். அன்று கண்ணில் அதிகமாகத் தண்ணீர் வந்தது பெரியப்பாவுக்குத்தான்.

பிறகு அவர் மூன்று சொம்பு கூழ் குடித்தார். போகும்போது யாரும் பார்க்காமல் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நாகஜோதியின் கையில் திணித்தார். அவள் அதை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

“பத்திரிகையில போட்டிருக்கே பெரியப்பா.”

“ரொம்பத்தான்” என்று முறைத்தார் பெரியப்பா. ஆனால் அவள் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் போனார்.

சித்திரையில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். கடைசித் தவணை கட்ட அம்மா நாகஜோதியையும் அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப் போனாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்து ஏறினார்கள். இறங்கி, ஆட்டோ பிடிக்காமல், கொதிக்கிற ரோட்டில் நடந்தார்கள்.

ஆபீசில் ஒரு இளம் பெண் பணத்தை எண்ணி வாங்கினார். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். கடன் முழுவதும் தீர்ந்தது என்று அச்சடித்த தாளில் முத்திரை குத்திக் கொடுத்தார். பிறகு சிரித்த முகத்தோடு, இவ்வளவு ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு உடனே இரண்டு லட்சம் தருகிறோம், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று புதுப் படிவம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அம்மா முத்திரை குத்திய தாளை நான்காக மடித்துப் பர்சுக்குள் வைத்தாள். படிவத்தை ஒரு விரலால் அந்தப் பக்கமாகவே தள்ளினாள்.

“லோனு வேணாம்மா. வெயில்ல நடந்து வந்துருக்கோம். குடிக்கத் தண்ணி இருந்தா ரெண்டு டம்ளர் குடுங்க” என்றாள்.

தண்ணீர் வந்தது. இருவரும் வயிறு குளிரக் குடித்தார்கள். பிறகு அம்மாவும் மகளும் படியிறங்கி, அந்த உச்சி வெயிலில், நிழலைத் தேடாமல் ரோட்டோரம் நிமிர்ந்து நடந்தார்கள்.