ஒழுகும் இடம்

எண்ணெய் அளவுக்கம்பியை மறுபடியும் துடைத்து, இறக்கி, எடுத்துப் பார்த்தான் அய்யாசாமி. காய்ந்து கிடந்தது. இன்ஜினில் பொட்டு எண்ணெய் இல்லை. ஆனால் காருக்கு அடியில், ஷெட்டின் சிமென்ட் தரையில், கறுப்பாக ஒரு வட்டம் மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது. குனிந்து விரலால் தொட்டான். சூடாக இருந்தது. ஒரு வருஷமாக ஸ்டார்ட்டே ஆகாத வண்டி அது. சற்று முன்புதான் ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

"எண்ணெயே ஊத்தலைங்கண்ணா. ஆனா எங்க வாசலெல்லாம் ஒழுகிக் கெடக்குது" என்றாள் உமாதேவி. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பூக்கூடை. "ஆயுத பூஜையும் அதுவுமா, ஒழுகற வண்டிக்கு எப்படிங்க பொட்டு வெக்கறது? எங்கேருந்து வருதுன்னு மட்டும் பாத்துச் சொல்லிப்போடுங்க."

வெளியே மண்டி மொஹல்லாவில் விளக்கு வைக்கும் நேரம். கழுவி மாலை போட்ட ஆட்டோக்கள் சந்து முழுக்க நின்றன. கடைக்குக் கடை உடைத்த பூசணிக்காய் குங்குமச் சிவப்பில் நசுங்கிக் கிடந்தது. சாமந்தி வாசனையும் கற்பூரப் புகையும் உள்ளே வந்து, பழைய எண்ணெயின் கருகல் வாடையோடு கலந்தன. இந்தப் பெண் வேறு நாளே கிடைக்காமல் இன்றைக்கா வர வேண்டும்?

அவள் லிங்கப்பனின் மனைவி. லிங்கப்பனும் அவனும் ராமாபுரத்திலிருந்து ஒன்றாக வந்து ஒன்றாக இந்த ஷெட்டைப் போட்டவர்கள். ஒருவரை ஒருவர் பங்காளி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். யாரோ கழித்துப்போட்ட இந்த இரண்டு சீட் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இருவரும் ராப்பகலாக உழைத்து உயிர்ப்பித்தார்கள். வண்டி ஓடத் தொடங்கியதும் லிங்கப்பன் அதைத் தன் பேரில் மட்டும் பதிந்துகொண்டான். அய்யாசாமிக்கு அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

போன ஆயுத பூஜையன்று இதே ஒழுகலைப் பார்க்கத்தான் லிங்கப்பன் காருக்கு அடியில் படுத்தான். எண்ணெயை வடித்துவிட்டு, டிக்கியில் கிடந்த வண்டியின் சொந்த ஜாக்கியை மட்டும் முட்டுக்கொடுத்திருந்தான். ஷெட்டின் மற்ற சாமான்கள் எல்லாம் பூஜையில் இருந்தன. "பங்காளி, அந்த இரும்பு ஸ்டாண்டைக் குடு, முட்டு வெக்கலாம்" என்று கேட்டான். அய்யாசாமி கொடுக்கவில்லை. ஜாக்கியை ஓங்கி ஒரு உதை உதைத்தான். அவ்வளவுதான்.

போலீசிடமும் ஊராரிடமும் அவன் சொன்னது வேறு. எங்கள் ஷெட்டில் பூஜைக்கு வைத்த சாமானைப் பூஜை பிரிக்கும்வரை யாரும் தொடமாட்டோம், லிங்கப்பனும் அந்த வழக்கத்தை மீறவில்லை, ஜாக்கி சறுக்கிவிட்டது. எல்லோரும் நம்பினார்கள். நம்பாமல் என்ன, ஊரே அந்த வழக்கம்தானே வைத்திருக்கிறது.

இப்போதும் மூலையில் ஸ்பேனர்களும் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளும் சந்தனமும் குங்குமமுமாக வரிசையில் இருந்தன.

"நாளைக்குப் பாக்கலாம் அம்மிணி."

"ஏனுங்கண்ணா, பயமா இருக்குதுங்களா?" அவள் அவனையே பார்த்தாள். "வேணும்னா அந்த ஸ்டாண்டை எடுத்து வெச்சுக்குங்க."

அய்யாசாமி ஸ்டாண்டுகள் பக்கம் பார்த்தான். இவள் கண்ணெதிரே ஸ்டாண்டைத் தொட்டால், போன வருஷம் ஏன் தொடவில்லை என்ற கேள்வி வரும். கேள்வி ஸ்டேஷன்வரை போகும். "சேச்சே, பூஜை சாமானாச்சே" என்று சிரித்துவைத்தான். டிக்கியைத் திறந்தான். அதே ஜாக்கி. அதே மடங்கிய கைப்பிடி. முன்பக்கத்தைத் தூக்கினான். தலையையும் ஒரு கையையும் மட்டும் உள்ளே விட்டால் போதும், பார்த்ததும் வெளியே வந்துவிடலாம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

எண்ணெய் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. அடிப்பாகத்தைத் துணியால் ஒட்டத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டுக் காத்திருந்தால், ஈரம் முதலில் எங்கே எட்டிப்பார்க்கிறதோ அதுதான் ஓட்டை. மல்லாந்து படுத்து நகர்ந்தான். கை எட்டாமல் நெஞ்சுவரை உள்ளே போக வேண்டியிருந்தது. வண்டியின் வயிறு மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது. துடைத்தான். எண்ணெய்த் தொட்டி முழுக்க வெள்ளையாகப் பவுடரைத் தட்டினான். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

சந்தில் மேளச் சத்தம் நின்றிருந்தது. அவன் மூச்சு அவனுக்கே கேட்டது.

வெள்ளையில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. புள்ளிகள் நீண்டன. கேஸ்கட் விளிம்பில் இல்லை, போல்ட்டைச் சுற்றி இல்லை, ஓட்டையே இல்லாத இரும்புத் தகட்டின் நட்டநடுவில் நீண்டன. விரல்கள். பிறகு உள்ளங்கை. யாரோ தொட்டிக்கு உள்ளிருந்து கையை வைத்து அழுத்துகிறார்கள்.

ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

லிங்கப்பனுக்கு அந்த விரலை ஃபேன் பெல்ட் தின்றிருந்தது.

துணியை எடுத்து வெறிபிடித்தவன் போல அதன்மேல் தேய்த்தான். தேய்த்த கையின் மணிக்கட்டைச் சுற்றிச் சூடாக ஏதோ இறுகியது. இழுத்தான். வரவில்லை.

கிறீச்.

தலையைத் திருப்பினான். ஜாக்கியின் கைப்பிடி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. உமாதேவியின் பாதங்கள் தூரத்தில், பூஜை மூலையில், அவனுக்குக் குதிகால் காட்டி நின்றன.

கிறீச். வண்டி ஒரு விரல்கடை இறங்கியது.

"உமா! அம்மிணி! அந்த ஸ்டாண்டை எடுத்து உள்ள தள்ளு! சீக்கிரம்!"

பாதங்கள் நகரவில்லை. தீக்குச்சி உரசும் சத்தம். கற்பூர வாசனை.

"பூசைக்கு வெச்சதைத் தொடக் கூடாது, பங்காளி."

குரல் அவளுடையதுதான். ஆனால் அந்த வார்த்தைகள் அவனுடையவை. போன வருஷம், உதைப்பதற்கு முன்னால், சிரித்துக்கொண்டே சொன்னவை. காருக்கு அடியில் கிடந்தவனைத் தவிர வேறு யார் காதிலும் அவை விழுந்ததில்லை.

"உமா!"

மணி அடிக்கத் தொடங்கினாள்.

கிறீச். அய்யாசாமி ஒரே உதையில் முடித்திருந்தான். லிங்கப்பன் சுற்றுகிறான். நிறுத்தி. நிதானமாக.

டார்ச் உருண்டது. இரும்பு நெஞ்சைத் தொட்டது. மூச்சு பாதியில் நின்றது. ஒரு கை அவன் மணிக்கட்டை விடாமல் பிடித்திருக்க, பவுடரின் வெள்ளையில் இன்னொரு கை விரல் விரலாக விரிந்து, அவன் முகத்தை நோக்கி, கொஞ்சமும் அவசரமில்லாமல், இறங்கிக்கொண்டிருந்தது.