பேர் சொல்லாமல் கூப்பிட்டவள்

மூன்றாவது திருப்பம் கழிந்ததும் காரின் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. ஓடுகிற காரில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. செவந்தி தன் மடியில் கிடந்த கணவனின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காலையில் திருச்சி ஆஸ்பத்திரியில் அவன் உயிர் போயிருந்தது. கார்க் கதவுகள் மூடியேதான் இருந்தன.

சமஸ்தான ராஜா ஆட்சி போய் எட்டு வருஷமாகியும் நார்த்தாமலை வழியாகப் போகும் அந்த மண் சாலையை யாரும் சீந்தவில்லை. ஆனால் ஐப்பசி மழைக்குப் பின் அதன் அழகுக்கு ஒரு குறையும் இல்லை. இருபுறமும் பாறைகளில் தண்ணீர் வழிந்து மாலை வெயிலில் மின்ன, நடுப்பள்ளத்தில் வயல்கள் பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்க, ஈரப்புல் வாசனை பெட்ரோல் நெடியையும் மீறி உள்ளே வந்தது. பத்து நாளைக்கு முன் இதே வழியில் போனபோது, காய்ச்சலோடு அவன் ஒவ்வொரு மலையாகக் கை நீட்டிக் காட்டினான். திரும்பி வரும்போது இறங்கிச் சுனையைப் பார்க்கலாம் என்றான். பாவி மனுஷன்.

வெளியூரில் செத்தவரைத் திருப்பத்துக்குத் திருப்பம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போக வேண்டும், இல்லையென்றால் ஆவி வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடும் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் நோயாளியின் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். செவந்தி தலையாட்டினாள். ஆனால் கட்டிய புருஷன் பேரைப் பதினொரு வருஷத்தில் ஒரு நாளும் அவள் வாயால் சொன்னதில்லை. செத்த அன்றைக்கா சொல்வாள்? இதுவரை வந்த மூன்று திருப்பத்திலும் வெறுமனே 'வாங்க' என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

நான்காவது திருப்பம் வந்தது.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

கார் இன்னும் தாழ்ந்தது. அவளுக்கு இடப்பக்கம் காலியாக இருந்த சீட் மெல்ல அமுங்கியது. தூர்ந்த கிணற்றின் நாற்றம் அடித்தது. அவர்தான் வந்துவிட்டார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஐந்தாவது திருப்பத்திலும் கூப்பிட்டாள். முன்சீட்டும் அமுங்கியது. என்ஜின் முனகியது.

டிரைவர் சந்தனராஜ் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். உடனே அதைக் கவிழ்த்து வைத்தார். ஆவூர்க் கிறிஸ்தவரான அவர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க தாயி. ஏறினதுல ஒண்ணுகூட அவரு இல்ல."

அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"அழகுமலை."

பதில் வந்தது. வெளியிலிருந்து. வெகு தூரத்திலிருந்து.

திரும்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தாள். சாலையில் அவன் ஓடி வந்துகொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வேட்டி. தூக்கிய கைகள்.

"செவந்தி, நில்லு. எனக்கு எடம் வையி."

நிறுத்தச் சொல்லிக் கதறினாள். சந்தனராஜ் பிரேக்கை முழுதாக மிதித்தார். கார் நிற்கவில்லை. உள்ளே இருந்த பாரமே அதைச் சரிவில் தள்ளிக்கொண்டு போனது. அவன் சிறுத்துக்கொண்டே போனான். மலை மறைத்துவிட்டது.

ஊர் வந்தது. சாவுச் செய்தி இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. கார்ச் சத்தம் கேட்டதும், அப்பா வந்துவிட்டார் என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் இரண்டு பேரும் தெருவில் ஓடி வந்தார்கள்.

வராதீர்கள் என்று கத்த வாயைத் திறந்தாள். ஈரமான ஒரு கை அவள் வாயைப் பொத்தியது.

கார் நிற்கும் முன்பே நான்கு கதவுகளும் திறந்தன.