மார்ச்சுக்குப் பிறகு எடுத்த படங்கள்

மகளின் படத்தில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

மத்தியானம் மூன்று மணி. சாப்பிட்ட களைப்பும், ஏசியின் ஈர வாடையும், பக்கத்து மேசை விசிறியின் கிறீச் சத்தமும் சேர்ந்து கண்ணைச் சொருகிக்கொண்டு வந்த நேரம் என்பதால், அவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். ஒன்பது வருஷமாக பாஸ்போர்ட் அலுவலகத்தில் முகங்களைப் பார்த்து, எது அசல், எது கணினியில் திருத்தியது என்று பிரிக்கிற வேலை. மனுஷ முகம் என்றாலே அலுத்துப்போயிருந்தது. இப்போது அந்த வேலையை ஒரு மென்பொருளுக்குப் பழக்கச் சொல்லி, முந்நூறு அசல் படங்கள் கேட்டிருந்தார்கள். யாரிடம் போய்க் கேட்பது? போனில் கிடந்த மகளின் படங்களையே ‘அசல்’ என்று எழுதித் தள்ளிவிட்டாள். அவள் எழுதிக் கொடுத்ததையே அது இன்று மறுத்தது.

மார்ச் வரைக்கும் எல்லாம் பச்சை, அசல் என்று அர்த்தம். அதற்குப் பிறகு எடுத்தது ஒவ்வொன்றிலும், ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டும் சிவப்புக் கோடு, நெற்றியின் முடியோரம் தொடங்கி, காதுக்கு முன்னால் இறங்கி, தாடைக்கு அடியில் போய் முடிந்தது.

“போன்லயே அழகாக்கி எடுத்திருக்கும்க்கா,” என்றாள் பக்கத்து மேசைக்காரி. “பாப்பா வரட்டும், நம்ம கேமராவுல எடுத்துப் பாருங்க.”

மார்ச்சில்தான் மகள் பள்ளிச் சுற்றுலா போய் வந்தாள். அதன் பிறகு அடம் இல்லை, சாப்பாட்டுச் சண்டை இல்லை. வளர்ந்துவிட்டாள், அப்பாடா என்று இவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

நாலு மணிக்கு வழக்கம்போல மகள் அலுவலகத்துக்கு வந்தாள், பள்ளிப் பையோடு. அவளைக் கேமரா முன்னால் உட்காரவைத்தாள்.

சிவப்பு.

பக்கத்து மேசைக்காரியை எடுத்தாள். பச்சை. தன்னையே எடுத்தாள். பச்சை. விளக்கை மாற்றி மகளை மறுபடி எடுத்தாள். சிவப்பு.

பக்கத்து மேசைக்காரி டீக்கு எழுந்து போனாள்.

கை தானாகப் போய் மகளின் தலைமுடியை ஒதுக்கியது. வெதுவெதுப்பான நெற்றி. ஷாம்பு வாசனை. முடியோரத்தில் விரல் தடுக்கியது. மெல்லிய விளிம்பு. நகம் அடியில் நுழைந்தது.

மகள் விலகவில்லை. வசதியாக முகத்தை நிமிர்த்திக் கொடுத்தாள்.

“வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்மா,” என்றாள் மெதுவாக. “இங்க ஆளுங்க இருக்காங்க.”

என் பிள்ளை எங்கே என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். சின்னக் கை ஒன்று அவள் விரலை எடுத்து விலக்கிவிட்டு, கிளம்பி நின்ற தோலை நெற்றியோடு சேர்த்து அழுத்தி ஒட்டிக்கொண்டது.